கும்மராகஞ்சா வாத்தியார்: தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவின் நாட்டுப்புறப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தோ அயர்லாந்திலிருந்தோ வந்தவர்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். தகரக் கூரை போட்ட ஓரறைப் பள்ளி, வருடத்துக்கு ஒருமுறை வந்து மிரட்டிவிட்டுப் போகும் ஆய்வாளர், அறுவடைக் காலத்தில் காணாமல் போகும் பிள்ளைகள் என்று அந்தக் கதைகளுக்கு ஒரு வாடிக்கையான போக்கு உண்டு. நான் எடுத்துக்கொள்வது அந்தப் போக்கில் அடங்காத ஒருவரை. தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் மொரீஷியஸில் பிறந்த தமிழர். நியூ சவுத் வேல்ஸ் காலனியின் தெற்கு எல்லையில், மர்ரே ஆற்றங்கரையில், யோர்ட்டா யோர்ட்டா பழங்குடி மக்களுக்கு 1881 முதல் 1922 வரை 41 ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் எழுதப் படிக்கக் கற்றவர்கள்தான் பிற்காலத்தில் அந்த நாட்டின் பழங்குடி உரிமைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார்கள்.

இது தற்செயல் இல்லை என்பது என் கருத்து. கூலியாட்களை உருவாக்குவதற்காக அரசு நடத்திய ஒரு பள்ளியிலிருந்து மனு எழுதுகிறவர்கள் எப்படிப் புறப்பட்டார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

மொரீஷியஸிலிருந்து மலோகாவுக்கு

ஜேம்ஸ் 1859-இல் மொரீஷியஸில் பிறந்தார். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவுக்குப் போன காலம் அது. அவர்களுக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாளிலேயே, தமிழ்க் கைவினைஞர்களும் வணிகர்களும் அங்கே குடியேறியிருந்தார்கள். ஜேம்ஸின் தந்தை கிறித்தவர், படித்தவர். குடும்பப் பெயர் பீர்சாகிப். தாய் இறந்து தந்தை மறுமணம் செய்துகொண்டபின் மகன் வீட்டைவிட்டுக் கிளம்பி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். பீர்சாகிப் என்ற பெயரையும் உதறிவிட்டு, ஜேம்ஸ் என்பதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். அதனால் அவருடைய பேரன் பேத்திகளுக்குத் தாத்தாவின் ஊரும் வேரும் சரிவரத் தெரியாமலே போயிற்று. அவர்களில் ஒருவர் பல பத்தாண்டுகள் ஆவணங்களைத் துருவித்தான் மொரீஷியஸ் வீட்டைக் கண்டுபிடித்தார்.

1881 ஜனவரியில் மெல்போர்னின் பிரைட்டன் கடற்கரையில் ஒரு கூட்டத்தை ஜேம்ஸ் பார்க்கிறார். டேனியல் மேத்யூஸ் என்ற மிஷனரி தன்னுடைய மலோகா மிஷனைச் சேர்ந்த பழங்குடியினரை அழைத்து வந்து அங்கே தங்கியிருந்தார். ஜேம்ஸுக்கு அப்போது வயது 21. மலோகாவுக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன் என்று தானாகவே முன்வந்தார். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. அந்த மிஷனே நன்கொடையில் ஓடிக்கொண்டிருந்தது, ரொட்டிக்கும் மாவுக்குமே திண்டாட்டம்.

மேத்யூஸ் எச்சுகா நகரத்தில் கடை வைத்திருந்தவர். மர்ரே ஆற்றில் படகுப் போக்குவரத்து கொழித்த நாட்கள் அவை. ஆட்டுப் பண்ணைக்காரர்கள் நிலத்தை வளைத்துக்கொண்டபின் பழங்குடியினர் பட்ட பாட்டைக் கண்டு, 1874-இல் தன் நிலத்திலேயே மிஷனைத் தொடங்கினார். ஆற்றில் மீனும் கரையில் வேட்டையும் குறைந்திருந்தன. சாராயமும் நோயும் பெருகியிருந்தன. பண்ணை ஆட்களின் கையில் சிக்கிச் சீரழிந்த இளம் பெண்களுக்கு மலோகா முதலில் ஒரு புகலிடமாக இருந்தது. பள்ளி அதையொட்டி வளர்ந்தது.

துறையின் கணக்கில் ஒரு பள்ளி

நியூ சவுத் வேல்ஸின் 1880-ஆம் ஆண்டுப் பொதுக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் அரையாண்டுக்கு 70 நாட்களாவது பள்ளிக்கு வரவேண்டும் என்றது. கட்டணம் வாரத்துக்கு மூன்று பென்னி. சட்டத்தில் தோல் நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. நடைமுறை வேறாக இருந்தது. வெள்ளைக்காரப் பெற்றோர் ஆட்சேபித்தால் பழங்குடிப் பிள்ளைகளைப் பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவார்கள். 1902-இல் அதுவே கல்வித் துறையின் எழுதப்பட்ட கொள்கையாகிவிட்டது. பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று தனியாகத் திறந்த பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களைப் போடுவது அரிது. குடியிருப்பு மேலாளரின் மனைவி பாடம் நடத்தினால் போதும் என்று துறை நினைத்தது.

மலோகா பள்ளியை 1883-இல் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஜேம்ஸ் அப்போதுதான் சம்பளம் வாங்கும் ஆசிரியரானார். நாட்டுப்புற ஆசிரியர் வாழ்க்கையின் ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஆசிரியருக்கு உயர்வு என்றால் இடமாற்றம். தேர்வு எழுதி வகுப்பு உயர்ந்து, பிள்ளைகள் அதிகமுள்ள பெரிய பள்ளிக்குப் போனால்தான் சம்பளம் ஏறும். ஆகவே நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆசிரியர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். பிள்ளைகளின் பெயர் மனப்பாடமாவதற்குள் அடுத்த ஊர். ஜேம்ஸ் அந்த ஏணியில் ஏறவே இல்லை. கறுத்த தோலுடைய ஒருவரை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பெரிய பள்ளிக்குத் துறை அனுப்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் அவர் தங்கியதற்கு அது மட்டும் காரணமில்லை.

1885-இல் அவர் ஏடா பெத்தேல் கூப்பரை மணந்தார். ஏடா யோர்ட்டா யோர்ட்டாப் பெண், வில்லியம் கூப்பரின் சகோதரி. அந்த மணத்தோடு ஜேம்ஸ் அந்த மக்களுக்கு உறவினராகிவிட்டார். அவர்களுடைய மொழியைக் கற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்தார், நோய்நொடி என்றால் மருந்து கொடுத்தார். பிள்ளைகள் அவரைத் தாத்தா ஜேம்ஸ் என்றே கூப்பிட்டார்கள். ஓர் அரசு ஊழியர் தான் பாடம் நடத்தும் ஊரிலேயே மாப்பிள்ளையும் ஆவது காலனியின் கல்வித் துறை எதிர்பார்த்திருந்த காரியமல்ல. அவருடைய பள்ளி மற்ற பள்ளிகளிலிருந்து விலகிப்போன இடம் இதுதான்.

இரவுப் பாடம்

பகலில் பிள்ளைகளுக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு, பாட்டு, வேதாகமம். எந்த நாட்டுப்புறப் பள்ளியிலும் நடப்பதுதான். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் ஜேம்ஸ் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தினார். ஆட்டு ரோமம் கத்தரிக்கவும் மந்தை ஓட்டவும் குதிரை பழக்கவும் போய்விட்டு வந்த ஆண்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் வில்லியம் கூப்பர். ஏறத்தாழ ஜேம்ஸின் வயதே அவருக்கும். பண்ணைகளில் வேலை செய்து வளர்ந்தவர். எழுத்தறிவின் பெரும்பகுதி அவருக்குக் கிடைத்தது வளர்ந்தபின், இந்த ஆற்றங்கரையில்தான். கற்பித்தவர் மைத்துனராக வாய்த்ததால் வகுப்பு முடிந்தபின்னும் வீட்டில் பேச்சு தொடர்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

1886-இல் அமெரிக்காவிலிருந்து ஃபிஸ்க் ஜூபிலி பாடகர் குழு மலோகாவுக்கு வந்தது. அடிமைகளாக இருந்தவர்களும் அடிமைகளின் பிள்ளைகளும் சேர்ந்து தொடங்கிய குழு அது. பார்வோனின் படையைக் கடல் விழுங்கிய கதையைச் சொல்லும் ஆன்மிகப் பாடல் ஒன்றை அவர்கள் பாடினார்கள். அது யோர்ட்டா யோர்ட்டா மொழிக்குப் போய் இன்றுவரை பாடப்படுகிறது. அதை அந்த மொழியில் கொண்டுவந்ததில் ஜேம்ஸுக்குப் பங்குண்டு என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். அடிமைத்தளையிலிருந்து புறப்பட்டுப் போன ஒரு கூட்டத்தின் கதை வேதாகமத்தில் இருக்கிறது, அதைத் தங்கள் கதையாக வாசிக்கலாம் என்பது மலோகாவில் பலருக்கும் பிடிபட்டிருந்தது. மிஷன் கல்வியை வெறும் அடிமைப்படுத்தல் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

1881, 1887: இரண்டு மனுக்கள்

ஜேம்ஸுக்கு எந்த அளவு பெருமை சேரவேண்டும் என்பதை இந்த இரண்டு மனுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு கணிக்கலாம்.

1881-இல் மலோகாவின் ஆண்கள் 42 பேர் காலனியின் ஆளுநருக்கு ஒரு மனு அனுப்பினார்கள். எங்கள் எல்லைக்குட்பட்ட நிலம் முழுவதையும் அரசும் வெள்ளைக் குடியேறிகளும் எடுத்துக்கொண்டார்கள். வேட்டைக் காடுகள் ஆட்டு மேய்ச்சலாகிவிட்டன. பிழைப்புக்கு வழியின்றி மனைவி மக்களோடு பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். பயிரிடவும் கால்நடை வளர்க்கவும் போதுமான நிலம் தாருங்கள் என்பது அதன் சாரம். சிட்னிக்கு அதைக் கொண்டுபோனவர் மேத்யூஸ். ஜேம்ஸ் அந்த ஆண்டுதான் வந்து சேர்ந்திருந்தார். ஆகவே அந்த மனுவுக்கு அவரைக் காரணமாக்குவது தவறு. நிலத்தைத் திரும்பக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் அந்த மக்களுக்கு எந்த வாத்தியாரும் ஊட்டியதல்ல. பறிகொடுத்தவர்கள் அவர்கள், கேட்டவர்களும் அவர்களே.

1887 ஜூலையில் ஆளுநர் கேரிங்டன் பிரபு பக்கத்து ஊரான மோவாமாவுக்கு வந்தபோது மலோகா மக்கள் இரண்டாவது மனுவைக் கொடுத்தார்கள். இதில் கோரிக்கை இன்னும் துல்லியமாக இருந்தது. குடும்பத்துக்கு 100 ஏக்கருக்குக் குறையாத நிலம் வேண்டும். அது முழு உரிமையாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பெயரளவு வாடகையும் நியாயமான விலைக்குப் பிற்பாடு வாங்கிக்கொள்ளும் உரிமையும் வேண்டும். கூப்பர்களும் அட்கின்சன்களுமாகக் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரை எழுதினார்கள். ஓரிருவர் மட்டும் பெயருக்குப் பதில் குறியிட்டார்கள். அதே ஆண்டில் வில்லியம் கூப்பர் உள்ளூர்ச் சட்டமன்ற உறுப்பினர் சாண்டருக்குத் தனியாகக் கடிதம் எழுதி நிலம் கேட்டார். கடவுள் கொடுத்த உரிமையால் எங்களுக்குச் சொந்தமான ஒரு பரந்த நிலப்பரப்பின் சிறு துண்டு இது என்ற கருத்து அதில் வருகிறது.

அந்த வாக்கியத்தில் ஒரு சின்னத் துண்டுக்கான வேண்டுகோளும் முழு நாட்டின்மீதான உரிமையும் ஒன்றாக நிற்கின்றன. வேண்டிக்கொள்ளும் பணிவு குறையவில்லை, உரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. குதிரை பழக்கும் தொழிலாளி ஒருவர் சட்டமன்ற உறுப்பினருக்கு இப்படி எழுதுகிறார். 1881-க்கும் 1887-க்கும் இடையில் அங்கே ஆறு ஆண்டுகள் இரவுப் பாடம் நடந்திருக்கிறது. சொல்ல வேண்டியது அந்த மக்களிடம் முன்பே இருந்தது. யாரிடம், எந்த முறையில், எந்தச் சட்டச் சொல்லில் சொல்வது என்ற பயிற்சி பள்ளியிலிருந்து வந்தது. ஜேம்ஸின் பங்கை நான் இந்த அளவில் வைக்கிறேன். இது குறைவான பங்கு அல்ல.

கும்மராகஞ்சா

பழங்குடியினருக்கென்று அரசு 1883-இல் ஒதுக்கிய 1,800 ஏக்கர் நிலம்தான் கும்மராகஞ்சா. அது மலோகாவிலிருந்து சில மைல் தள்ளி, அதே ஆற்றங்கரையில் இருந்தது. மேத்யூஸின் கண்டிப்பும் நிர்வாகச் சண்டைகளும் முற்றியதும் 1888-இல் மக்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். வீடுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஜேம்ஸ் மேத்யூஸோடு நிற்கவில்லை, மக்களோடு போனார். தன்னை அழைத்து வந்தவருக்கும் தன் மாணவர்களுக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டம் அது.

அடுத்த 20 ஆண்டுகள்தான் கும்மராகஞ்சாவின் நல்ல காலம். கோதுமை விளைந்தது. 1890-களில் சில குடும்பங்களுக்குத் தனித்தனி நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. காட்டை வெட்டி, வேலி போட்டு அவர்கள் பயிர் செய்தார்கள். கிட்டத்தட்ட 400 பேர் வாழும் ஊராக அது வளர்ந்தது.

1907-இல் அரசின் பழங்குடியினர் பாதுகாப்பு வாரியம் அந்தத் தனி நிலங்களைப் பறித்துக்கொண்டது. எதிர்த்துப் பேசியவர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1909-இல் வந்த சட்டம் அந்த வாரியத்துக்கு முழு அதிகாரம் கொடுத்தது. 1915-ஆம் ஆண்டின் திருத்தம் அதைவிடக் கொடியது: பெற்றோரின் சம்மதமும் நீதிமன்ற உத்தரவும் இல்லாமலே பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போகலாம் என்றது. கும்மராகஞ்சாவிலிருந்தும் சிறுமிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெள்ளைக்கார வீடுகளில் வேலைக்காரிகளாக்கக் கூட்டமுந்திரா விடுதியில் பழக்கினார்கள்.

ஜேம்ஸின் நிலை மிகவும் சங்கடமானது. அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் அரசு, அவருடைய மனைவியின் உறவினர்களை விரட்டியதும் அரசு. சட்டத்தின் கண்ணில் அவர் பழங்குடியினரும் இல்லை, வெள்ளையரும் இல்லை. 1901-இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப்பின் மொரீஷியஸ் தமிழர் ஒருவர் கப்பலேறி வந்திருந்தால் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன காவலர்களை அவரால் தடுக்க முடிந்ததில்லை. வெள்ளைக்காரர்களின் ஆங்கிலத்தையும் வேதாகமத்தையும் பழக்கங்களையும் அந்த மக்களிடம் கொண்டுசென்ற பள்ளியை நடத்தியவரும் அவரே. இதை மறைத்துவிட்டு அவரை நாயகனாக்குவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

பள்ளிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பழங்குடிப் பள்ளிகளின் பாடத்திட்டம் மூன்றாம் வகுப்பு அளவோடு நின்றது. 1916-இல் வந்த தனிப் பாடத்திட்டம் அதை இன்னும் இறுக்கி, கைவேலைக்கே முதலிடம் கொடுத்தது. ஆண்பிள்ளை பண்ணைக்கு, பெண்பிள்ளை அடுக்களைக்கு என்பது திட்டத்திலேயே எழுதியிருந்தது. அதற்குமேல் கற்க விரும்பிய பெரிய பையன்களுக்கு ஜேம்ஸ் தானே நேரம் ஒதுக்கினார். துறை அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அவருடைய மகன் ஷாட்ராக் லிவிங்ஸ்டன் ஜேம்ஸும் இந்த வகுப்புகளில் வளர்ந்து, தந்தைக்குத் துணையாசிரியராக இருந்து, பின்னர் மூருப்னாவில் தொழிற்சங்கப் பொறுப்பாளராகவும் பழங்குடி உரிமைக்காகப் பத்திரிகைகளில் எழுதுபவராகவும் ஆனார்.

அந்தப் பள்ளியில் படித்தவர்கள்

டக் நிக்கல்ஸ் 1906-இல் கும்மராகஞ்சாவில் பிறந்தவர். 14 வயதில் படிப்பு முடிந்தது. மெல்போர்னில் கால்பந்து வீரராகப் பெயர் வாங்கி, போதகராகி, 1972-இல் பழங்குடியினரில் முதலாவதாக நைட் பட்டம் பெற்று, 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். பில் ஓனஸ் அதே ஆண்டில் அதே ஊரில் பிறந்து அந்தப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்தார். பழங்குடி அரங்கக் கலைக்கும், பழங்குடியினர் தொடர்பான அரசியலமைப்பு மாற்றத்துக்காக நடந்த 1967 வாக்கெடுப்பின் பிரசாரத்துக்கும் உழைத்தார். மார்கரெட் டக்கர், ஜெரால்டின் பிரிக்ஸ் சகோதரிகளும் அந்த வட்டத்தில் வந்தவர்களே. மார்கரெட் சிறுமியாக இருக்கும்போதே குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர். தனக்கு நேர்ந்ததைப் பிற்காலத்தில் தன் கையாலேயே எழுதினார்.

எல்லாருக்கும் மூத்தவர் வில்லியம் கூப்பர். 70 வயதைத் தாண்டியபின், ஒதுக்குக் குடியிருப்பில் இருந்தால் முதியோர் உதவித்தொகை கிடையாது என்பதால் மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அந்தச் சிறு தொகையில் வாழ்ந்துகொண்டு அமைச்சர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ஓயாமல் கடிதம் எழுதினார். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கழகத்தைத் தொடங்கினார். நாடாளுமன்றத்தில் எங்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று அரசருக்கு ஒரு மனு தயாரித்து, நாடெங்கும் அனுப்பி 1,814 கையொப்பங்கள் திரட்டினார். 1937-இல் அது அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1938 தொடக்கத்தில் அமைச்சரவை அதை அரசருக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தது. 1938 ஜனவரி 26-இல், வெள்ளையர் வந்து 150 ஆண்டு நிறைந்ததை நாடு கொண்டாடியபோது, பழங்குடித் தலைவர்கள் சிட்னியில் துக்க நாள் கூட்டம் நடத்தினார்கள். கூப்பரும் அதில் முன்னின்றார். அதே ஆண்டு டிசம்பர் 6-இல், ஜெர்மனியில் யூதர்கள்மேல் நடந்த வெறியாட்டத்தைக் கண்டித்து ஒரு தீர்மானத்தை எழுதி எடுத்துக்கொண்டு மெல்போர்னின் ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஒரு தூதுக்குழுவோடு போனார். வாங்க மறுத்துவிட்டார்கள்.

தன் மக்களுக்கே வாக்குரிமைக்குத் தவித்துக்கொண்டிருந்தவர் வேறு ஒரு மக்களுக்காக நடந்தார். கூப்பரின் வாழ்க்கையில் இந்த ஒரு நாளை நான் வேறு எதைவிடவும் உயர்வாக மதிக்கிறேன்.

கடைசி ஆண்டுகள்

ஜேம்ஸ் 1922-இல் ஓய்வு பெற்றார். மெல்போர்னுக்குப் போய் மூலிகை மருத்துவம் செய்தார். மூட்டுவலிக்காரர்கள் அவரிடம் வந்தார்கள். மைத்துனரின் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது.

1939 பிப்ரவரி 4-இல் மேலாளரின் கொடுமை பொறுக்காமல் கும்மராகஞ்சா மக்கள் ஊரையே காலிசெய்து ஆற்றைக் கடந்து விக்டோரியா பக்கம் பார்மாவுக்குப் போனார்கள். நியூ சவுத் வேல்ஸ் சட்டம் எட்டாத கரை அது. ஏறத்தாழ 200 பேர் மாதக்கணக்கில் கூடாரங்களில் கிடந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. ஷெப்பர்ட்டனிலும் மூருப்னாவிலும் பழத்தோட்டங்களிலும் டப்பா உணவுத் தொழிற்சாலைகளிலும் வேலை தேடிக்கொண்டார்கள். அந்த நகரங்களின் பழங்குடிக் குடும்பங்களில் பலவற்றுக்கு வேர் அந்த வெளிநடப்புதான்.

வில்லியம் கூப்பர் 1941-இல் இறந்தார், ஜேம்ஸ் 1946-இல். இருவருக்கும் கல்லறை கும்மராகஞ்சாவில்தான். குடும்பத்துக்கு 100 ஏக்கர் என்று 1887-இல் கேட்டது தனி உரிமையாக ஒருபோதும் கிடைக்கவில்லை. 1984-இல்தான் கும்மராகஞ்சா நிலத்தின் உரிமை யோர்ட்டா யோர்ட்டா நில மன்றத்தின் பெயருக்கு எழுதித் தரப்பட்டது.